ஐயமும் விருப்பும்: அறிவொளிக் கால அறிஞர் பழமையை ஆராய்ந்த முறை

பழமையை ஆராயப் புகுவார் எவர்க்கும் முதற்கண் எழும் வினா, ‘இச்செய்தியை நம்பலாமா?’ என்பதாகும். அதனை அடுத்து எழவேண்டிய வினா ஒன்றும் உண்டு. ‘இச்செய்தியை நம்புதற்கு என் உள்ளம் ஏன் இத்துணை விரைகின்றது?’ என்பதே அது. முதல் வினாவை ஐரோப்பிய அறிவுலகிற்கு வழக்கமாக்கிய பெருமை 18-ஆம் நூற்றாண்டிற்கு உரியது. இரண்டாம் வினாவை அந்நூற்றாண்டின் பேரறிஞரே தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ளத் தவறிய இடங்களும் உள. இவ்விரண்டையும் சான்று காட்டி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரான்சு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, செர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, மரபின் ஆணையினும் பகுத்தறிவின் தீர்ப்பையே உயர்வாகக் கொண்ட அறிஞர் பலர் வாழ்ந்தனர். அவர் காலத்தையே அறிவொளிக் காலம் என்கின்றோம். இவர்கள் வரலாற்றுணர்வு இல்லாதவர் என்பது 19-ஆம் நூற்றாண்டினர் பலர் சாட்டிய குற்றம். காலிங்வுட்டு எழுதி, அவர் மறைவிற்குப் பின் 1946-இல் வெளிவந்த ‘வரலாறு என்னும் கருத்து’ என்ற நூலும், பழமையைப் புரிந்துகொள்ளுதலினும் அதனொடு போரிடுதலே இவர்க்கு முதன்மையாக இருந்தது என்னும் கருத்தினது. எர்ன்சுட்டு காசிரரோ 1932-இல் எழுதிய நூலில் இக்குற்றச்சாட்டை மறுத்தார். வரலாற்றுலகை ஆராய்ச்சிக்கு உரியதாக்கியதே அக்காலத்தின் பேறு என்பது அவர் கொள்கை. இவை ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றினும், இரண்டிற்கும் அடிப்படை உண்டு என்பது மேல்வரும் செய்திகளால் விளங்கும்.

1. ஐயத்தின் தோற்றம்

ஐயம் 18-ஆம் நூற்றாண்டில் திடீரெனத் தோன்றியதன்று. கான்ஸ்டன்டைன் பேரரசர் மேலை நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவர்க்கு வழங்கியதாகக் கூறும் ஆவணம் ஒன்று நெடுங்காலம் மெய்யெனக் கொள்ளப்பட்டு வந்தது. 1440-இல் லொரென்சோ வல்லா என்னும் இத்தாலிய அறிஞர், அதன் இலத்தீன் நடையும் சொல்லாட்சியும் 4-ஆம் நூற்றாண்டிற்கு உரியன அல்ல எனக் காட்டி, அது பிற்காலத்துப் போலியென நிறுவினார். ஒரு நூலின் சொற்களே அதன் காலத்தைக் காட்டிக்கொடுக்கும் என்னும் உண்மை அவ்வாராய்ச்சியால் நிலைபெற்றது.

1681-ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் பிரான்சில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று போசுவே என்னும் ஆயர் பதினான்காம் லூயி மன்னரின் மகனுக்காக எழுதிய உலக வரலாறு பற்றிய நூல். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது எனக் கொண்டு, பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் இறைவன் திருவுள்ளப்படி நிகழ்ந்தன என்று காட்டுவது அது. மற்றொன்று மபிலோன் என்னும் துறவி பழம்பட்டயங்களை ஆராய்ந்து இலத்தீனில் எழுதிய நூல். எழுத்தின் வடிவம், எழுதப்பட்ட பொருள், முத்திரை, காலக்குறிப்பு, தொடர் மரபு ஆகியவற்றால் மெய்ப்பட்டயத்தையும் போலிப்பட்டயத்தையும் பிரித்தறியும் நெறிகளை அந்நூல் வகுத்தது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் எழுத்தமைதி கொண்டு காலம் துணியும் நம்மவர்க்கு இம்முறையின் அருமை எளிதில் புலனாகும். மபிலோன் சமயத்தை மறுத்தவர் அல்லர். தம் சபையின் பட்டயங்களைக் காத்தலே அவர்தம் விருப்பம். ஆயினும் அவர் வகுத்த நெறி, காப்பார்க்கும் தாக்குவார்க்கும் ஒப்பப் பயன்படும் நடுநிலை அளவுகோலாயிற்று.

இதன்பின் ஐயம் விரைந்து பரவியது. மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களையும் முழுமையும் மோசேயே எழுதியிருத்தல் இயலாது என ரிச்சர்டு சிமோன் 1678-இல் எழுதியிருந்தார். போசுவேயின் தலையீட்டால் அந்நூற்படிகள் அழிக்கப்பட்டன. பியர் பேல் என்பார் 1697-இல் ராட்டர்டாமில் வெளியிட்ட அகராதியில், பெரியோர் வரலாறுகளைச் சுருங்கிய உரையாக மேலே தந்து, அவற்றின் முரண்களையும் பிழைகளையும் நீண்ட குறிப்புகளாகக் கீழே விரித்தார். 1722-இல் பாரிசிலுள்ள கல்வெட்டுக் கழகத்தில் புய்யி என்பவர், உரோமின் முதல் நான்கு நூற்றாண்டு வரலாறு உறுதியற்றது என உரைத்தார். லூயி தெ போஃபோர் 1738-இல் இக்கருத்தை ஐந்து நூற்றாண்டுகட்கு விரித்துத் தனிநூலே இயற்றினார். கால் இனத்தார் உரோமைத் தீக்கிரையாக்கியபோது பழைய ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன. அவ்வாறாக, பல நூற்றாண்டுகட்குப் பின் வாழ்ந்த லிவி போன்றோர் அம்முற்காலத்தை எச்சான்று கொண்டு எழுதினர் என்பதே அவர் எழுப்பிய வினா.

இந்நிலையில் ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. எல்லாவற்றையும் ஐயுறலாம் எனின், எதனைத்தான் வரலாறு என்பது? ஐயம் களை எடுக்கும் கருவியேயன்றி விதையாகாது. களைந்த நிலத்தில் எதனை விதைப்பது என்னும் வினாவிற்கு விடை கண்டவரே வால்டேரும் ஸ்காட்லாந்து நாட்டறிஞரும் ஆவர்.

2. வால்டேர் வகுத்த புதுநெறி

வால்டேர் 1751-இல் ‘பதினான்காம் லூயியின் காலம்’ என்னும் நூலையும், 1756-இல் நாட்டு மக்களின் ஒழுகலாறும் உள்ளப்பாங்கும் பற்றிய விரிந்த கட்டுரை நூலையும் வெளியிட்டார். பின்னது ஷாதலே சீமாட்டியார்க்கெனத் தொடங்கப்பட்டது. இயற்பியலில் வல்லவரான அவ்வம்மையார்க்கு, அரசர் பெயரும் போர்க்களப் பெயரும் நிறைந்த வரலாற்று நூல்கள் வெறுப்பையே தந்தன. அவர் வெறுப்பு நியாயமானதே என வால்டேர் உணர்ந்தார். மக்கள் எவ்வாறு உழுதனர், எவற்றை வாணிகம் செய்தனர், என்ன சட்டங்களின்கீழ் வாழ்ந்தனர், கலைகள் எவ்வாறு வளர்ந்தன, மூடக்கொள்கைகள் எவ்வாறு பரவின என்பனவே அறியத்தக்கவை என்று கொண்டார்.

இந்நூலின் அமைப்பே ஒரு வாதமாக நிற்கின்றது. போசுவே தம் நூலில் யூதர், எகிப்தியர், கிரேக்கர், உரோமர் முதலியோரைக் கூறி, சீனரையும் இந்தியரையும் விடுத்தார். வால்டேரோ தம் நூலைச் சீனத்தில் தொடங்கி, அடுத்து இந்தியாவைக் கூறி, பாரசீகத்தையும் அரபு நாட்டையும் கடந்த பின்னரே ஐரோப்பாவிற்கு வருகின்றார். உலக வரலாறு ஒரு சமயத்தின் வரலாறு அன்று என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. 1765-இல் மறைந்த பாதிரியார் ஒருவர் எழுதியதாகப் புனைபெயரிட்டு அவர் வெளியிட்ட நூலுக்கு ‘வரலாற்றின் மெய்யியல்’ என்று பெயர் தந்தார். இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறைப் பெயராக வழங்கும் தொடர் அவ்வாறு பிறந்ததேயாகும்.

எனினும் வால்டேர் கையாண்ட அளவுகோலில் ஒரு குறை இருந்தது. ஒரு செய்தி மெய்யா எனத் துணிதற்கு, அஃது இயற்கைக்கும் பொது அறிவிற்கும் ஒத்ததா என்பதனையே அவர் பெரிதும் நோக்கினார். பபிலோனில் மகளிர் யாவரும் வாழ்நாளில் ஒருமுறை கோயிலில் அயலான் ஒருவனுக்குத் தம்மை ஒப்புவித்தல் வேண்டும் என்று எரொடோட்டசு எழுதியுள்ளார். இத்தகைய வழக்கம் நாகரிக நகரொன்றில் இருந்திருத்தல் இயலாது என வால்டேர் அதனைத் தள்ளினார். கிரேக்கத்தில் துறைபோய லார்ஷே என்னும் அறிஞர் 1767-இல் இதற்கு மறுப்பு நூல் எழுதினார். பாரிசு நகரத்தார்க்குப் பொருந்தாமை பபிலோனில் நிகழாமைக்குச் சான்றாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம். வால்டேர் அதே ஆண்டில் எள்ளல் நிறைந்த விடையொன்றை எழுதினார். இன்றைய ஆராய்ச்சியாளர் சிலரும் எரொடோட்டசின் இக்கூற்றை ஏற்பதில்லை. ஆயின் அவர் காட்டும் காரணம் வேறு. பபிலோனியரின் களிமண் ஏடுகள் இச்செய்திக்குச் சான்று பகரவில்லை என்பதே அது. ஆகவே வால்டேரின் முடிவு சரியாகவே இருந்திடினும், அம்முடிவிற்கு அவர் சென்ற வழி சரியன்று. ஆராய்ச்சியில் முடிவினும் வழியே பெரிது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

3. உரையும் கருதலும்

நம் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என அறிவு வாயில்களைப் பகுப்பர். கடந்தது காண்டற்கு எட்டாது. ஆதலின் வரலாற்றாசிரியர்க்குக் கிடைப்பன உரையும் கருதலுமே. ஸ்காட்லாந்து அறிஞர் இவ்விரண்டனையும் தனித்தனியே ஆராய்ந்தனர் எனலாம்.

உரையை ஆராய்ந்தவர் டேவிடு ஹியூம். 1748-இல் அவர் எழுதிய நூலின் ஒரு பகுதி, அற்புதங்களைப் பற்றிய சான்றுரையை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றியது. ஒருவன் அற்புதம் ஒன்றைக் கண்டதாகக் கூறின், அவ்வற்புதம் நிகழ்ந்திருத்தல் அரிதா, அன்றிக் கூறுவோன் பிழைபட்டிருத்தலோ பொய்த்திருத்தலோ அரிதா என்று துலைக்கோலில் இட்டு நிறுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1752-இல் எடின்பரோ வழக்கறிஞர் நூலகத்தின் நூலகராகிய அவர், அங்கிருந்த நூல்வளங்கொண்டு இங்கிலாந்தின் வரலாற்றை 1754 முதல் 1762 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். ஸ்டூவர்ட்டு மரபில் தொடங்கி, பின் டியூடர் மரபிற்குச் சென்று, இறுதியில் பழங்காலத்தை எழுதினார் என்பது கருதத்தக்கது. தம் காலத்து அரசியலுக்கு வேர் எங்குளது எனத் தேடிக் கீழ்நோக்கி அகழ்ந்தார் போலும். அவ்வாறு அகழ்ந்து சென்றவர், நாகரிகமற்ற பழங்காலத்துப் பூசல்கள் விரித்து எழுதத் தகுவன அல்ல என்றும் கருதினார். மனித இயல்பு எக்காலத்தும் எந்நாட்டும் பெரும்பாலும் ஒன்றே என்பது அவர் துணிபு. இத்துணிபே அவர்தம் ஆராய்ச்சிக்கு வலிமை தந்தது. வேற்றுக்கால மக்களின் உள்ளத்தை உணரவொட்டாது தடுத்ததும் அதுவேயாம்.

கருதலை ஆராய்ந்தவர் ஆடம் சிமித்து, ஆடம் பெர்கூசன், சான் மில்லர் முதலியோர். எழுத்துச் சான்று இல்லாத காலத்தை எவ்வாறு அறிவது? வேட்டையாடுதல், ஆநிரை மேய்த்தல், உழவு, வாணிகம் என்னும் நான்கு படிகளை வகுத்து, ஒவ்வொரு படியிலும் உடைமை, சட்டம், குடும்பம், ஆட்சி ஆகியவை எவ்வாறு மாறுதல் இயல்பு என்பதனைச் சிமித்து தம் சொற்பொழிவுகளில் விளக்கினார். பெர்கூசனின் நூல் 1767-இலும் மில்லரின் நூல் 1771-இலும் வெளிவந்தன. சிமித்தின் வாழ்க்கையை 1793-இல் உரைத்த டூகல்டு ஸ்டூவர்ட்டு, இம்முறைக்குக் கருதல் வரலாறு என்னும் கருத்துப்படப் பெயரிட்டார். அரசரின் செயலினும் மக்களின் பிழைப்பு முறையே சமுதாயத்தை ஆக்குகின்றது என்னும் உண்மையை வெளிப்படுத்தியது இவர்தம் பெருந்தொண்டாகும். ஆயின் தம் நாட்டு வாணிக வாழ்வையே இறுதிப் படியாக வைத்து, ஏனை மக்களையெல்லாம் கீழ்ப்படிகளில் நிறுத்தியமையின், உலகத்து மக்கள் பலர் ஐரோப்பாவின் இளமைப் பருவத்தில் இன்றும் நிற்பவர்போல அவர்க்குத் தோன்றினர். அளத்தற்குச் செய்த கோலே இங்குத் தீர்ப்பாகவும் ஆயிற்று.

4. திருவரங்கத்தின் பெயரால் வந்த நூல்

இதுகாறும் கூறியவற்றால், ஐயமே அறிவொளிக் கால அறிஞரின் படைக்கலம் என்பது தெளிவு. அப்படைக்கலம் எவ்விடத்து மழுங்கியது என்பதனைத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி காட்டுகின்றது.

1760-இல், தென்னிந்தியாவில் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து மீண்ட மோதாவ் பிரபு, ‘எசூர் வேதம்’ என்னும் பெயருடைய பிரெஞ்சுக் கையெழுத்துப்படி ஒன்றை வால்டேரிடம் தந்தார். எசூர் என்பது யசுர் என்பதன் திரிபு. வால்டேர் அதனைப் பெரும்புதையலாகக் கருதி 1761-இல் அரச நூலகத்திற்கு அளித்தார். தம் வரலாற்று நூலின் புதிய பதிப்பில் அதனை எடுத்தாண்டார். 1765-இல் வெளிவந்த மெய்யியல் நூலிலும் போற்றினார். அலெக்சாந்தரின் படையெடுப்பிற்கும் முற்பட்டது அந்நூல் என்றும், அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் திருவரங்கத் தீவிலுள்ள கோயிலின் தலைமைக் குருவாகிய அந்தணர் என்றும் எழுதினார்.

அந்நூல் கூறுவது யாது? பியாச் என்பவருக்கும் சுமோந்து என்பவருக்கும் இடையே நிகழும் உரையாடலாக அஃது அமைந்துள்ளது. முன்னவர் வியாசர், பின்னவர் சுமந்து முனிவர். வியாசர் புராணக் கதைகளைக் கூறி வினவ, சுமந்து அவற்றை மறுத்து, கடவுள் ஒருவரே என்றும் உருவ வழிபாடு பிழை என்றும் அறிவுறுத்துகின்றார்.

தமிழறிஞர் எவரும் இதனைக் கேட்ட அளவிலே ஐயுறுவர். வேதத்தை நான்காக வகுத்த வியாசர் அவற்றைத் தம் மாணாக்கர் நால்வர்க்கு அளித்தார் என்பது புராண மரபு. யசுர் வைசம்பாயனர்க்கு உரியது. சுமந்துவிற்கு உரியது அதர்வம். யசுரின் பெயர் தாங்கிய நூலில் வைசம்பாயனர் இல்லை, சுமந்து இருக்கின்றார். அவரும் மாணாக்கராக அன்றி, ஆசிரியராகிய வியாசர்க்கே ஆசிரியராக அமர்ந்துள்ளார். இனி, அரங்கன் திருமேனியைப் பூசிக்கும் கோயிற் குரு ஒருவர் உருவ வழிபாட்டைப் பழிக்கும் நூலைத் தம் வேதமெனப் பெயர்த்துத் தருவாரா என்னும் வினாவும் எழும். இவ்வினாக்களை எழுப்புதற்கு வேண்டிய மரபறிவு வால்டேர்க்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் மூலம் எங்கே, கொணர்ந்தவர் யாரிடம் பெற்றார், பெயர்த்தவர் பெயர் யாது, இதனை வழிமொழியும் வேறு நூல் உண்டா என்னும் வினாக்கட்கு இந்திய அறிவு வேண்டுவதின்று. விவிலியத்தின் ஒவ்வொரு வரியையும் நோக்கி வால்டேர் கேட்ட வினாக்களே அவை. அவற்றுள் ஒன்றையேனும் இந்நூலை நோக்கி அவர் அழுத்திக் கேட்டிலர்.

ஏன் கேட்டிலர்? அந்நூல் அவர் விரும்பியதையே கூறிற்று. சமய குருமாரும் சடங்கும் தோன்றுமுன், தொன்மையான மக்கள் பகுத்தறிவிற்கு ஒத்த ஒரு கடவுளை வழிபட்டனர் என்பது வால்டேரின் நம்பிக்கை. யூதர்க்கு முன்னரே இந்தியர் அக்கொள்கையைக் கண்டனர் எனக் காட்டின், கிறித்தவ சபையின் தொன்மைச் செருக்கு அழியும் என அவர் எண்ணினார். இவ்விருப்பத்திற்கு எசூர் வேதம் அளவெடுத்துத் தைத்த ஆடைபோல் பொருந்திற்று. அஃது அங்ஙனம் பொருந்தியமைக்குக் காரணமும் உண்டு. அந்நூல் பழைய இந்தியாவில் எழுந்ததன்று, ஐரோப்பியர் ஒருவரால் எழுதப்பட்டது.

அந்நூல் 1778-இல் இரு தொகுதிகளாக அச்சேறியது. நான்காண்டுகட்குப் பின், 1782-இல், இந்தியாவில் பயணம் செய்து திரும்பிய சொன்னெரா, அது வேதமன்று என்றும் பாதிரியார் ஒருவர் மசூலிப்பட்டினத்தில் எழுதிய சமயவாத நூல் என்றும் எழுதினார். முழு ஆராய்ச்சியைச் செய்தவர் சென்னையில் பணிபுரிந்த பிரான்சிசு வைட் எல்லிசு. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தின என 1816-இல் காட்டியவரும், திருக்குறளைப் பெயர்த்தவரும் ஆகிய எல்லிசை நாம் நன்கு அறிவோம். புதுச்சேரிப் பாதிரிமார் இல்லத்தில் எசூர் வேதத்தையும், ஏனை வேதங்களின் பெயரிட்ட அத்தகைய பிற படிகளையும் அவர் நேரிற் கண்டு, எழுத்து, ஒலிப்பு, பொருள் ஆகியவற்றால் ஆராய்ந்து, அவை வேதத்தின் போலிகள் என நிறுவினார். அவர் 1819-இல் மறைந்தபின் 1822-இல் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. நூலாசிரியர் தத்துவபோதகர் எனப்படும் இராபர்ட்டு தெ நொபிலி எனப் புதுச்சேரியில் கேட்ட செய்தியை எல்லிசு ஏற்றது பிற்காலத்தாரால் மறுக்கப்பட்டது. மூலம் பிரெஞ்சிலேயே அமைந்தது என்றும், 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரெஞ்சு யேசு சபையாருள் ஒருவரால் எழுதப்பட்டது என்றும் லூடோ ரோச்சர் 1984-இல் விரிவாகக் காட்டினார்.

இந்நிகழ்ச்சியின் முரணை நோக்குக. கிறித்தவ சமயத்தைப் பரப்புதற்கென ஒரு பாதிரியார் எழுதிய நூலை, அச்சமயத்தின் சபையைத் தாக்குதற்குரிய தொன்மைச் சான்றாக வால்டேர் எடுத்தாண்டார். பகைவர் கூற்றை ஆராய்ந்த கூரிய கண், நண்பர்போல் வந்த கூற்றின்முன் இமை மூடிக்கொண்டது.

5. புதுச்சேரியிலிருந்து சென்ற மற்றொரு நூல்

அதே நகரிலிருந்து, ஏறத்தாழ அதே காலத்தில், மற்றொரு நூலும் பாரிசிற்குச் சென்றது. புதுச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மரிதாசு பிள்ளை என்னும் தமிழ்க் கிறித்தவர், தமிழில் வழங்கிய பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அது 1769-இல் பெர்த்தேன் என்னும் அமைச்சருக்கு அனுப்பப்பட்டது. 1788-இல் பாரிசில் அச்சாயிற்று. வால்டேரின் புகழுரை இதற்குக் கிட்டவில்லை. வேதம் என்னும் பெயரும் இதற்கு இல்லை. அறிவொளிக் கால அறிஞர் எள்ளத்தக்க புராணக் கதைகளே இதில் நிறைந்திருந்தன.

ஆயின் இதனைக் கல்வெட்டுக் கழகத்து அறிஞர் சோசப் தெ கீஞ் ஆராய்ந்தார். 1772-இல் கழகத்தில் அவர் படித்த கட்டுரை 1777-இல் வெளிவந்தது. பாகவதத்திலுள்ள அரசர் வரிசையில் வரும் சந்திரகுப்தனே, செலூக்கசின் காலத்தவனாகக் கிரேக்கர் கூறும் சாண்ட்ரகொட்டசு என்று அவர் கண்டார். இந்திய வரலாற்றின் கால வரையறைக்கு இதுவே திறவுகோல். வில்லியம் சோன்சு கல்கத்தாவில் 1793 பிப்ரவரி 28-ஆம் நாள் இதே உண்மையைத் தாமாகக் கண்டு வெளியிட்டமையின் அவர் பெயரே நிலைத்தது. எனினும் அவர்க்கு இருபது ஆண்டுகட்கு முன்னர், தமிழர் ஒருவரின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு பாரிசில் அவ்வுண்மை காணப்பட்டது என்பதனை நாம் மறத்தலாகாது.

தெ கீஞ் விருப்பு வெறுப்பு அற்றவர் எனக் கூறுதற்கில்லை. விவிலியக் காலக் கணக்கிற்கு உட்பட்டே இந்தியத் தொன்மை அமைதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். சீனர் எகிப்திலிருந்து குடியேறியவர் என முன்னர் எழுதி இடர்ப்பட்டவரும் அவரே. அவ்வாறாக, வால்டேர் வழுவிய துறையில் இவர் வழுவாது சென்றது எங்ஙனம்? இரு நூல்களையும் ஒப்பு நோக்கின் விடை கிடைக்கும். எசூர் வேதத்தைத் தனித்து நிறுத்தி நம்பினார் வால்டேர். பாகவதத்தின் கூற்றை, அதனை அறியாத கிரேக்கர் கூற்றோடு வைத்து ஒப்பிட்டார் தெ கீஞ். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒன்றையே கூறின், ஆராய்வோன் விருப்பம் யாதாயினும், அக்கூற்று நிற்கும். ஆகவே விருப்பு உடைமை குற்றமன்று. விருப்பைத் தடுத்து நிறுத்தவல்ல புறச்சான்று ஒன்றை நாடாமையே குற்றம் என்பது போதரும்.

6. குறை களைந்தோர்

இக்குறையை உணர்ந்து களைய முயன்றோரும் அக்காலத்தவரே. ஒருவர் எட்வர்டு கிப்பன். பழம்பொருள் ஆராய்ச்சியாளரின் உழைப்பை வெற்று நினைவாற்றல் எனப் பாரிசு மெய்யியலார் சிலர் இழித்தபோது, அவ்வுழைப்பின் பெருமையை 1761-இல் வெளியிட்ட தம் முதல் நூலிலேயே அவர் எடுத்துரைத்தார். 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த உரோமப் பேரரசின் நலிவும் வீழ்ச்சியும் பற்றிய நூலில், வால்டேரின் பரந்த நோக்கையும் மபிலோன் போன்றோரின் நுண்ணிய சான்றாராய்ச்சியையும் இணைத்தார். கிறித்தவ சமயத்தின் பரவலை மனிதச் செயலாகவே ஆராய்ந்த 15, 16-ஆம் இயல்களுக்கு எதிர்ப்பு எழுந்தபொழுது, 1779-இல் அவர் தந்த விடை முழுவதும் தம் அடிக்குறிப்புகளின் செம்மையைக் காத்தலாகவே அமைந்தது. சமயப் பற்று மிக்க தில்லெமோனின் நூலையே அவர் பேரளவில் சார்ந்திருந்தார். அந்நூல் முடிவுறும் இடத்தில் தம் வழிகாட்டியைப் பிரிவதாக வருந்தி எழுதவும் செய்தார். கொள்கையால் மாறுபட்டவரிடத்தும் சான்றின் நேர்மையை மதித்தல் என்பது இதுவே. எனினும் கிழக்கு உரோமப் பேரரசின் ஏறத்தாழ 600 ஆண்டு அரசர் வரலாற்றை 48-ஆம் இயல் ஒன்றிலேயே சுருக்கிச் சென்றமை, அவரும் தம் கால வெறுப்பினின்று முற்றும் விடுபடவில்லை என்பதனைக் காட்டும்.

மற்றொருவர் நேப்பில்சு நகரில் சொற்கலைப் பேராசிரியராக இருந்த விக்கோ. 1725-இல் முதற்கண் வெளிவந்து 1744-இல் இறுதி வடிவம் பெற்ற அவர்தம் ‘புதிய அறிவியல்’, வரலாற்றாசிரியர்க்கு உண்டாகும் இருவகைச் செருக்கைச் சுட்டுகின்றது. தம் நாடே உலகில் முதலில் நாகரிகம் பெற்றது என எண்ணுதல் நாட்டினத்தின் செருக்கு. தாம் இன்று அறிந்தவற்றைத் தொன்மை மக்களும் அறிந்திருந்தனர் என எண்ணுதல் கற்றோர் செருக்கு. பழைய அந்தணரின் வாயில் தம் கொள்கையையே கேட்ட வால்டேரின் பிழைக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை. அப்பிழை நிகழ்வதற்கு முன்னரே அதன் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்நூலைப் படித்தார் அந்நாளில் மிகச் சிலரே.

மூன்றாமவர் ஹெர்டர். 1774-இல் அவர் வெளியிட்ட சிறு நூல், ஒவ்வொரு காலத்தையும் ஒவ்வொரு மக்களையும் அவரவர்க்கு உரிய அளவுகோலால் அளத்தல் வேண்டும் என வற்புறுத்தியது. வால்டேரையும் ஹியூமையும் ராபர்ட்சனையும் வெளிப்படையாகவே மறுத்தது. 19-ஆம் நூற்றாண்டினர் அறிவொளிக் காலத்தின்மீது சாட்டிய குற்றம் இவரிடமிருந்து பெற்றதே. எனவே அக்குற்றச்சாட்டும் அக்காலத்தின் மகவேயாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். அறிவொளிக் கால அறிஞர் வரலாற்றைத் திருமறையின் விளக்கம் என்னும் நிலையினின்று விடுவித்தனர். மன்னர் பட்டியல் என்னும் நிலையினின்றும் விடுவித்தனர். மக்கள் வாழ்வு முழுமையும் வரலாற்றின் பொருளாயிற்று. உலக மக்கள் யாவரும் அதன் மாந்தராயினர். இஃது அவர்தம் பேறு. தம் காலத்தின் பகுத்தறிவையே எக்காலத்திற்கும் துலைக்கோலாகக் கொண்டமையும், தமக்கு உவந்த சான்றின்முன் ஐயத்தை அடக்கிக்கொண்டமையும் அவர்தம் குறை. அப்பேற்றினையும் அக்குறையினையும் ஒருங்கே அறிந்தாலன்றி அவரை அறிந்தவராகோம்.

பழநூல்களின் காலமும் கருத்தும் ஆராயும் நமக்கு இதிற் பாடம் ஒன்று உண்டு. நம் தொன்மையைக் குறைத்துக் கூறும் சான்று வரின் நாம் அதனைப் பன்முறை ஆராய்கின்றோம், அது முறையே. உயர்த்திக் கூறும் சான்று வரும்போதும் அத்துணை முறை ஆராய்கின்றோமா என்பதே வினா. திருவரங்கத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்த பேரறிஞர் ஒருவர், அப்பெயரை இட்டவர் யார் என்று கேளாது விட்டார். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று அப்படிகளைத் தம் கையால் எடுத்துப் பார்த்தவர் எல்லிசு. ஆராய்ச்சி மாணவர் பின்பற்றத்தக்கது எல்லிசின் வழியே என்பது எமது துணிபு.